அடைப்பும் அடைக்கலமும்

வீரமாமுனிவர் 1732-இல் தொகுத்த சதுரகராதி நான்கு பகுதிகளை உடையது. அவற்றுள் பெயரகராதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தருகிறது. பொருளகராதி ஒரு பொருளுக்குரிய பல சொற்களைத் தருகிறது. தொகை, தொடை எனும் ஏனைய இரண்டும் புலவர்க்குப் பயன்படுவன. ஒரு சொல்லின் வாழ்வை அறிய விரும்புவோர் முன்னிரு வாயில்களின் வழியாகவும் நுழைந்தாக வேண்டும் என்பதை இத்தாலியிலிருந்து வந்த அத்துறவி நன்கு கண்டிருந்தார். நாமும் அவர் காட்டிய வழியிலேயே சென்று, மனிதரை உள்ளே வைப்பதைக் குறிக்கும் சொற்கள் சிலவற்றை நம் மயிலாப்பூரிலும் சென்னையிலும் நிகழ்ந்தவற்றோடு சேர்த்துப் பார்க்க விரும்புகிறோம்.

உள்ளே வைப்பது என்று பொதுவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் 'இன்டர்ன்' என்றொரு சொல் இருக்கிறது. போர்க்காலத்தில் பகைநாட்டுக் குடிமக்களை முகாம்களில் அடைத்து வைப்பதும் அச்சொல்லே. மருத்துவமனையில் தங்கித் தொழில் பழகும் இளம் மருத்துவரைக் குறிப்பதும் அச்சொல்லே. 'உள்ளே இருப்பது' எனும் இலத்தீன் வேரிலிருந்து இரண்டும் கிளைத்தன. தமிழில் முன்னதைத் தடுப்புக்காவல் என்கிறோம். பின்னதை உள்ளிருப்புப் பயிற்சி என்கிறோம். பேச்சு வழக்கிலோ நெடுங்காலம் 'ஹவுஸ் சர்ஜன்' என்றே சொல்லி வந்தோம். மேலோட்டமாகப் பார்த்தால், ஆங்கிலம் குழப்பிய இடத்தில் தமிழ் தெளிவாகப் பிரித்து வைத்திருப்பதுபோல் தோன்றும். சற்று அகழ்ந்து பார்த்தால், நம் சொற்களிலும் அடைப்பும் ஆதரவும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைக் காணலாம்.

முதலில் சிறை எனும் சொல்லை எடுத்துக்கொள்வோம். சிறை என்றால் காவல், அடைத்து வைத்தல், அவ்வாறு அடைக்கும் இடம். சிறை என்றால் அணை, கரை என்பனவும் ஆம். பெருகி வரும் பகைவர் படையைத் தனியொருவனாய் நின்று தாங்கும் வீரனுக்கு, வெள்ளத்தைத் தடுக்கும் கற்சிறையைத் தொல்காப்பியர் உவமை கூறுகிறார். இங்கே சிறை என்பது ஊரைக் காக்கும் கல்லணை. பறவையின் இறகுக்கும் சிறை என்றே பெயர். பறக்க உதவுவதும் பறக்கவொட்டாமல் தடுப்பதும் ஒரே ஒலியில் அமைந்தது எவ்வாறு என்பதை மொழிநூலார்க்கு விட்டுவிடுவோம். புலவர்கள் இந்த இரட்டைப் பொருளை வைத்துச் சிலேடை செய்து மகிழ்ந்தார்கள் என்பதோடு அமைவோம்.

வள்ளுவரை மயிலாப்பூரார் தம்மூரவராகவே கொண்டாடுவர். அவருக்கு இங்கே கோயிலும் உண்டு. வாழ்க்கைத் துணைநலம் எனும் அதிகாரத்தில் அவர் சிறையைப் பற்றி ஒரு கேள்வி எழுப்புகிறார். பெண்டிரை அடைத்து வைத்துக் காப்பதால் விளையும் பயன் யாது என்பது அக்கேள்வி. தன்னைத் தானே காத்துக்கொள்ளும் நிறையே தலையாயது என்று விடையும் தருகிறார். அக்குறள் பெண்ணைப் பற்றியது. இக்காலத்தார் அதனோடு வாதிட இடமுண்டு. எனினும், சிறையால் காக்க முடியுமா என்ற ஐயம் நம் மொழியில் அத்துணைப் பழமையானது என்பது கருதத்தக்கது. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்த வீரமாமுனிவர் இக்குறளையும் கடந்தே சென்றிருக்கிறார்.

சிறை எனும் சொல்லுக்கு இன்னுமொரு பொருள் உண்டு. அதைச் சொல்ல நா எழுவதில்லை. ஆயினும் மயிலாப்பூரில் வாழும் கத்தோலிக்கர்களாகிய நாம் அதைச் சொல்லாமல் கடந்து செல்வது முறையன்று. சிறை என்றால் அடிமை. போரில் பிடிபட்டவரையும் விலைக்கு வாங்கப்பட்டவரையும் இச்சொல் குறித்தது. யாழ்ப்பாணத்து வழக்கில், வீட்டிலும் வயலிலும் தலைமுறை தலைமுறையாய் உழைத்த அடிமைகளுக்குச் சிறைகள் என்றே பெயர். சுவரும் கதவும் இல்லாமலே ஒரு மனிதரைச் சிறையாக்கலாம் என்பதை அச்சொல் அறிந்திருந்தது.

சாந்தோம் கடற்கரையில் இன்று நடப்போர் புனித தோமையாரின் கல்லறையையும், 1896-இல் கட்டி முடிக்கப்பட்ட பேராலயத்தின் வெண்ணிறக் கோபுரத்தையும் காண்கின்றனர். அக்கரையிலிருந்து 17-ஆம் நூற்றாண்டில் புறப்பட்ட கப்பல்களில் துணிமூட்டைகளோடு மனிதர்களும் ஏற்றப்பட்டனர். போர்ச்சுக்கீசியர் சாந்தோமிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும், ஒல்லாந்தர் பழவேற்காட்டிலிருந்தும், ஆங்கிலேயர் சென்னைப்பட்டினத்திலிருந்தும் இவ்வணிகத்தில் ஈடுபட்டனர். பஞ்சம் வந்த ஆண்டுகளில் வணிகம் பெருகியது. 1646, 1647 ஆகிய ஆண்டுகளில் சோழமண்டலக் கரையை வாட்டிய பஞ்சத்தில் சாந்தோமிலும் பழவேற்காட்டிலும் பல்லாயிரவர் மாண்டனர் என்று ஆங்கிலேயர் எழுதிய கடிதங்கள் கூறுகின்றன. பசித்தவர் தம் பிள்ளைகளை விற்றனர். பிள்ளை இல்லாதவர் தம்மையே விற்றனர். வாங்கியவன் சோறு போட்டான். ஆகவே அதை அடைக்கலம் என்று கருதியவர்களும் உண்டு.

திருச்சபை இதை எவ்வாறு நோக்கியது? 1567-இல் கோவாவில் கூடிய முதலாம் மாநிலச் சங்கம் இப்பொருளை ஆராய்ந்தது. ஒருவரை அடிமையாக வைத்திருப்பது எவ்வெக் காரணங்களால் செல்லும் என்று அது வரையறுத்தது. அடிமைத் தாய்க்குப் பிறந்திருத்தல், நீதியான போரில் பிடிபடுதல், தன்னைத் தானே விற்றுக்கொள்ளுதல் என்பவற்றோடு, கொடிய வறுமையில் தந்தை தன் பிள்ளையை விற்பதும் அவற்றுள் ஒன்றாயிற்று. வேறு வழிகளில் கவர்ந்துவரப்பட்டோரை அடிமையாக வைப்பது நீதியன்று என்று கண்டது அச்சங்கம். அந்தக் காலத்துக்கு அது ஒரு தடை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பஞ்சம் பாதித்த கரையில், பசியால் நிகழும் விற்பனை செல்லும் என்ற ஒரு வாயிலைத் திறந்து வைத்தாலே போதுமே! அதன் வழியே எத்தனை கப்பல்களும் செல்லுமன்றோ?

1606-இல் மயிலாப்பூர் மறைமாவட்டம் நிறுவப்பட்டது. நம் மறைமாவட்டத்தின் முதல் நூற்றாண்டும் இவ்வணிகத்தின் உச்சமும் ஒரே காலத்தவை. சென்னைக் கோட்டையில் இருந்த ஆங்கிலேயர் 1687-இல், கப்பலேற்றப்படும் ஒவ்வோர் அடிமைக்கும் ஒரு வராகன் வரி விதித்தனர். பஞ்சத்தால் அடிமைகள் மலிந்ததால் வணிகம் பெருகிவிட்டது என்று குறிப்பேட்டிலும் எழுதி வைத்தனர். மறு ஆண்டே, முகலாய அதிகாரிகளின் கண்டனம் எழுந்தபின், அவ்வணிகத்தைத் தடைசெய்து மீறுவோர்க்கு 50 வராகன் தண்டம் அறிவித்தனர். வரி ஒன்று, தண்டம் ஐம்பது! இடையில் இருந்தது ஓராண்டு.

போர்ச்சுக்கீசியரிடமிருந்து தமிழ் பெற்ற சொற்களைப் பட்டியலிடும்போது நாம் வழக்கமாகச் சன்னல், அலமாரி, பாதிரி என்று தொடங்குவோம். வேறு மூன்றையும் சேர்த்துப் பார்க்கலாம். மேஸ்திரி, ஏலம், சாவி. தொழில் கற்பிக்கும் ஆசானுக்கு ஒன்று, கூவி விற்பதற்கு ஒன்று, கதவைப் பூட்டித் திறப்பதற்கு ஒன்று. மூன்றும் ஒரே மொழியிலிருந்து வந்தவை. இக்கட்டுரையில் இனி வருவன யாவும் இம்மூன்றனுள் எது எவர் கையில் இருந்தது என்பதைப் பற்றியனவே எனலாம்.

இனிப் பொருளகராதியின் வாயிலுக்கு வருவோம். அடைத்து வைப்பதற்குத் தமிழில் எத்தனை பெயர்கள்! சிறை, காவல், தளை, கட்டு, தடுப்பு, அடைப்பு. வடமொழி வழியே காராகிருகம். அரபு வழியே கைதி. ஆங்கிலத்திலிருந்து ஜெயில், லாக்கப். இவற்றுள் நம் மொழிக்கே உரியவற்றை நோக்கினால் ஒரு புதுமை புலப்படும். தளை என்பது விலங்கு. யாப்பிலக்கணத்தில் சீரோடு சீரைப் பிணித்துப் பாவாக்குவதும் தளையே. யாப்பு என்னும் சொல்லுக்கே கட்டு என்றுதான் பொருள். காப்பு என்பது பாதுகாப்பு. நூலின் தொடக்கத்தில் பாடப்படும் வணக்கம். குழந்தையின் கையில் இடப்படும் வளை. காவலர் மாட்டும் கைவிலங்கையும் மக்கள் காப்பு என்றே கேலியாகச் சொல்கின்றனர்.

காவல் எனும் சொல்லைப் பாருங்கள். ஒவ்வோர் ஆன்மாவுக்கும் ஒரு காவல் தூதர் உண்டு என்று குழந்தைப் பருவத்திலேயே கற்றோம். நம் பாட்டிமார் காவற்சம்மனசு என்பர். ஒவ்வொரு பங்குக்கும் ஒரு பாதுகாவலர் உண்டு. நீதிமன்றத்திலோ கடுங்காவல் என்றால் கடின உழைப்போடு கூடிய சிறைத்தண்டனை. உழைப்பு இல்லாதது மெய்க்காவல். அரசரின் உயிரைக் காப்பவன் மெய்க்காவலன். குற்றவாளியின் உடலை மட்டும் அடைத்து வைப்பதும் மெய்க்காவல்! மொழிபெயர்த்த எழுத்தர் இதைக் கண்டு புன்னகைத்திருப்பாரோ என்னவோ.

எல்லாவற்றினும் ஆழமானது 'அடை' எனும் வேர். நாமே சென்று சேர்ந்தால் அடைதல். பிறர் நம்மை உள்ளே தள்ளினால் அடைத்தல். முன்னதிலிருந்து அடைக்கலம் பிறந்தது. பின்னதிலிருந்து அடைப்பு பிறந்தது. இலக்கணத்தார் இதைத் தன்வினை என்றும் பிறவினை என்றும் கூறி முடித்துவிடுவர். வாழ்க்கையில் அவ்விரண்டுக்கும் இடையில் ஒரு கதவு இருக்கிறது. அக்கதவின் சாவி உள்ளிருப்பவரிடம் இருந்தால் அடைக்கலம். வெளியில் இருப்பவரிடம் மட்டுமே இருந்தால் அடைப்பு.

வீரமாமுனிவரே இதைத் தம் வாழ்வில் கண்டவர். தமிழகத்துக்கு வந்த தொடக்க ஆண்டுகளிலேயே, 1714, 1715 வாக்கில், அவர் பிடிக்கப்பட்டு மரணத் தண்டனைக்கு ஆளாகி உயிர் தப்பினார். பின்னர் ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவின் திருப்பெயரால் அவர் வளர்த்த தலத்துக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டார். துன்புறுத்தப்பட்டு ஓடிவந்த கிறிஸ்தவர்கள் தஞ்சம் புகுந்த இடம் அது. அடை, காவல் எனும் இரு சொற்களையும் சிறையினின்று மீட்டு மாதாவின் பெயரிலும் ஊரின் பெயரிலும் வைத்தவர் அவர். காவலில் இருந்தவர் கட்டிய காவலூர்.

இதற்கு மறுதலையாக, அடைக்கப்பட்டவரே பிறர்க்கு அடைக்கலமான வரலாறும் உண்டு. 1749-இல் பிடிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளை, பெருவிளையில் வேப்பமரத்தில் பிணிக்கப்பட்டுக் கிடந்தபோது, மக்கள் ஆறுதல் தேடி அவரிடமே சென்றனர். 1752-இல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட அவரைத் திருச்சபை 2022 மே 15-இல் புனிதராக அறிவித்தது.

சென்னை நகரத்துக்குத் திரும்புவோம். 'அசைலம்' எனும் ஆங்கிலச் சொல் அடைக்கலம் என்பதற்கு நேரானது. சென்னையில் அச்சொல் முதலில் பெயர் பெற்றது அனாதைச் சிறுவரால். 1787-இல் இங்கு வந்த ஆண்ட்ரூ பெல் எனும் போதகர், 1789 முதல் எழும்பூரில் இருந்த படைவீரர் அனாதைச் சிறுவர் இல்லத்தைக் கண்காணித்தார். ஐரோப்பியப் படைவீரர்க்கும் பெரும்பாலும் இந்தியத் தாய்மார்க்கும் பிறந்த பிள்ளைகள் அங்கே வளர்ந்தனர். நம் திண்ணைப்பள்ளிகளில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதையும் மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிப்பதையும் பெல் அங்கே புகுத்தினார். 1797-இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலால் அது 'சென்னை முறை' என்று உலகெங்கும் பரவியது. தமிழ்நாட்டுத் திண்ணை இங்கிலாந்துக்குப் பாடம் சொன்ன கதையாக இதைப் பெருமையோடு பேசுகிறோம். அதில் தவறில்லை.

ஆனால் அப்பிள்ளைகள் கற்றபின் எங்கே சென்றனர் என்பதையும் கேட்க வேண்டும். 1791-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள், தாய் தந்தை இருவரும் ஐரோப்பியராய் இல்லாதோர்க்குக் கம்பெனியின் உயர்பணிகளில் இடமில்லை என்று ஆணையிட்டனர். பெல்லின் மாணவர் பலர்க்கு அக்கதவு பிறப்பினாலேயே மூடப்பட்டது. 1794-இல் மைக்கேல் டாப்பிங் என்பவர் நிலஅளவைப் பள்ளி ஒன்றைத் தொடங்கியபோது, அவ்வில்லத்துச் சிறுவர் எட்டுப்பேரைத் தொழில் பழகுவோராய் எடுத்துக்கொண்டார். உயர்பணிக்குத் தகாதவர் என்று விலக்கப்பட்ட சிறுவர், பாதையற்ற காடுகளில் சங்கிலி பிடித்து நாட்டை அளக்கத் தகுந்தவராயினர். அவர்கள் அளந்த அளவுகளின்மீது அரசின் வரைபடங்கள் எழுந்தன. அந்தச் சிறு பள்ளியே வளர்ந்து இன்று கிண்டியில் பொறியியற் கல்லூரியாய் நிற்கிறது. அதன் தோற்றத்தைப் பேசுவோர் டாப்பிங்கின் பெயரைச் சொல்வர். அனாதை இல்லத்திலிருந்து சென்ற எட்டுச் சிறுவரை அரிதாகவே நினைப்பர்.

அவ்வில்லத்துக்குச் சொந்தமாய் ஓர் அச்சகமும் இருந்தது. சென்னைப் பஞ்சாங்கம் போன்ற ஆண்டுக் குறிப்பேடுகள் 'அசைலம் அச்சகம்' என்ற முத்திரையோடு வெளிவந்தன. அடைக்கலம் என்ற சொல்லும் அச்சுத்தொழிலும் சென்னையில் அவ்வாறு கைகோத்தன. பின்னர் அதே சொல் மனநோயாளர் விடுதிக்குச் சென்று ஒட்டிக்கொண்டு மீளா இழிவடைந்தது. 'அசைலம்' என்றால் இரக்கம் என்று பொருள்பட்ட காலம் ஒன்று உண்டென்பதையே நகரம் மறந்துவிட்டது.

தொழில் பழகுவோர்க்கென்று இந்தியாவில் முதற்சட்டம் 1850-இல் வந்தது. அனாதைகளும் பொது அறநிலையங்களில் வளரும் ஏழைப் பிள்ளைகளும் ஒரு தொழிலைக் கற்க அது வழிசெய்தது. அச்சட்டத்தின் மொழியில் பிள்ளை ஆசானிடம் 'கட்டப்படுகிறான்'. 1961-இல் வந்த புதிய சட்டத்தைத் தமிழில் சொல்லும்போது தொழிற்பழகுநர் என்ற அழகிய சொல்லைக் கண்டனர். கட்டப்பட்டவன் பழகுபவன் ஆனான். சொல்லளவில் இது பெரிய விடுதலையே. தொழிற்சாலை வாயில்களில் மட்டும் 'அப்ரெண்டிஸ்' என்பதே இன்னும் செவியில் விழுகிறது.

சிறுவர் சிறைகளின் பெயர் வரலாறு இன்னும் நீளமானது. 1876-இல் சீர்திருத்தப் பள்ளிகள் சட்டம் வந்தது. 1887-இல் செங்கற்பட்டுக் கோட்டைக்குள் ஒரு சீர்திருத்தப் பள்ளி தொடங்கியது. தச்சும் நெசவும் கற்பித்தனர். சுற்றிலும் கோட்டைச் சுவர். 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தால் 'போர்ஸ்டல் பள்ளி' எனும் பெயர் வந்தது. போர்ஸ்டல் என்பது இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்து ஒரு சிற்றூர். அங்கே இளையோர்க்கெனத் தனிச்சிறை அமைத்ததால் ஊர்ப்பெயரே சிறைப்பெயராயிற்று. நம் நாட்டில் இளைஞர் நீதிச் சட்டங்கள் 1986-லும் 2000-லும் 2015-லும் வந்தன. கடைசிச் சட்டத்தில் ஒரு கொள்கை நம் கருத்துக்கு மிகவும் உரியது. ஒரு குழந்தையைப் பற்றிய நடவடிக்கைகளில் குற்றஞ்சாட்டும் சொற்களையோ பகைமை தொனிக்கும் சொற்களையோ பயன்படுத்தலாகாது என்று அது விதிக்கிறது. சொல்லே ஒருவரைச் சிறையில் தள்ளும் என்பதைச் சட்டமும் ஏற்றுக்கொண்டது. கூர்நோக்கு இல்லம், சிறப்பு இல்லம் என்பன அவ்வாறு வந்த பெயர்கள்.

இப்பெயர் மாற்றங்களை ஏளனம் செய்வது எளிது. நாம் அவ்வாறு செய்யவில்லை. ஒரு சிறுவனைக் கைதி என்று அழைப்பதற்கும் மாணவன் என்று அழைப்பதற்கும் இடையே உள்ள தொலைவு சிறிதன்று. ஆனால் நல்ல சொல்லைப் பொல்லாத செயலின்மீது போர்த்த முடியும் என்பதையும் நம் நூற்றாண்டுகள் காட்டியிருக்கின்றன. நாசிகள் ஆஷ்விட்ஸ் முகாமின் நுழைவாயிலில், உழைப்பு விடுதலை தரும் என்ற பொருள்படும் வாசகத்தை இரும்பில் வார்த்து வைத்தனர். அவ்வாயிலின் உள்ளேதான் 1941 ஆகஸ்ட் 14-இல், மற்றொரு கைதிக்காகத் தம்மைக் கையளித்த தந்தை மாக்சிமிலியன் கோல்பே உயிர் துறந்தார். இந்தியாவில் சிறைப்பணி ஆற்றும் கத்தோலிக்க அமைப்பு அவரையே தன் பாதுகாவலராகக் கொண்டிருக்கிறது.

அவ்வளவு தொலைவுக்குச் செல்ல வேண்டியதில்லை. 2009-இல் இலங்கையில் போர் முடிந்தபோது, வன்னியிலிருந்து வெளியேறிய ஏறத்தாழ 3 இலட்சம் தமிழர் வவுனியாவை அடுத்த மெனிக் பாம் முதலிய முகாம்களில் முள்வேலிக்குள் வைக்கப்பட்டனர். அரசு அவற்றுக்கு இட்ட பெயர் நலன்புரி நிலையங்கள். மெனிக் பாம் 2012 செப்டம்பரில்தான் மூடப்பட்டது. போராளிகளாய் இருந்தோர் எனப் பிரிக்கப்பட்ட பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேறு நிலையங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே அவர்கள் பெற்றதற்குப் புனர்வாழ்வு என்று பெயர். தையலும் கட்டடத் தொழிலும் கற்பித்தனர். நீதிமன்றத் தீர்ப்பு இல்லை. வெளியேறும் நாளும் அவர்கள் கையில் இல்லை. அடைப்பும் தொழிற்பயிற்சியும் ஒரே சொல்லுக்குள் புகுந்த நிகழ்ச்சி இதைப்போல் தமிழர் வரலாற்றில் வேறில்லை எனலாம். கற்ற தொழிலால் பின்னர்ப் பிழைத்தவர்களும் அவர்களுள் உண்டு; அதையும் மறைக்க வேண்டியதில்லை. போரின் இறுதி நாள்களில் சரணடைந்தோரோடு பேருந்தில் ஏறிச் சென்ற அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப்போ எந்த நிலையத்தின் பட்டியலிலும் காணப்படவில்லை.

நம் தமிழ்நாட்டிலும் 1990 முதல் 'சிறப்பு முகாம்' எனும் பெயரில் இலங்கைத் தமிழர் சிலரைத் தனியே அடைத்து வைத்தனர். பிற முகாம்களில் வாழ்வோர்க்கு நெடுங்காலம் அகதிகள் முகாம் என்ற பெயரே நிலைத்திருந்தது. 2021-இல் அரசு அதை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. அகதி என்ற சொல்லின் முதற்பொருள் போக்கற்றவர், கதியற்றவர் என்பதே. அச்சொல்லை நீக்கியது நன்று. போக்கு ஒன்றைக் காட்டுவது இன்னும் எஞ்சியிருக்கிறது.

எனின், அடைக்கலத்தை அடைப்பிலிருந்து எதனால் பிரித்தறிவது? பெயரால் முடியாது என்று கண்டோம். இவ்வினாவுக்குச் சட்ட நூல்களைவிடத் தெளிவான விடையைத் தூரின் நகரத்துக் குருவானவர் ஒருவர் தந்தார் என்பது நம் கருத்து.

1841-இல் குருப்பட்டம் பெற்ற யோவான் போஸ்கோ, தம் ஆசானாகிய தந்தை கஃபாசோவோடு தூரின் நகரச் சிறைகளுக்குச் சென்றார். பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுக்குட்பட்ட சிறுவர் அங்கே வேலையின்றிப் பூச்சிகள் அரிக்கக் கிடப்பதைக் கண்டார். அவரை வருத்தியது அவர்கள் உள்ளே இருந்தது மட்டுமன்று. வெளியே சென்றவர்கள் மீண்டும் மீண்டும் உள்ளே வந்தது. வெளியே அவர்களுக்கு ஒருவரும் இல்லை என்பதைக் கண்டுகொண்டார். நகரில் கட்டட வேலைக்கும் தச்சு வேலைக்கும் வந்த சிறுவரைத் தேடிச் சென்று சேர்த்தார். முதலில் அவரிடம் பட்டறைகள் இல்லை. ஆகவே அவர்களை நகரத்து ஆசான்களிடம் தொழில் பழக அனுப்பினார். 1853-இல்தான் செருப்புத் தைப்போர்க்கும் தையலர்க்கும் தம் இல்லத்திலேயே பட்டறை தொடங்கினார். பின்னர் நூல்கட்டு, தச்சு, அச்சு என்பன வந்தன.

அவ்வாறு அனுப்பிய காலத்தில் அவர் செய்த ஒரு செயலே நமக்கு இங்கு வேண்டுவது. அவர் முத்திரைத் தாளில் ஒப்பந்தம் எழுதினார். 1852 பிப்ரவரி 8-ஆம் நாள் எழுதப்பட்ட ஒன்று இன்றும் காக்கப்படுகிறது. ஜுசெப்பே ஒடாசோ எனும் சிறுவன் தச்சாசான் ஒருவரிடம் இரண்டாண்டு தொழில் பழகுவதற்கான ஒப்பந்தம் அது. ஆசான் சிறுவனைத் தொழிலுக்குப் புறம்பான ஏவல்களில் ஈடுபடுத்தலாகாது. திருத்த வேண்டுமாயின் சொல்லால் திருத்த வேண்டும், அடிக்கலாகாது. திருநாள்களில் ஓய்வு தர வேண்டும். ஆண்டுக்குப் பதினைந்து நாள் விடுமுறை உண்டு. கூலி காலத்துக்கேற்ப உயர வேண்டும். சிறுவனும் தன் பங்குக்குக் கீழ்ப்படிதலையும் உழைப்பையும் உறுதி கூறினான். தந்தையும் ஆசானும் போஸ்கோவும் கையொப்பமிட்டனர்.

சிறுவரைக் கொண்டு அறப்பணி செய்யும் ஒரு குருவானவர் எதற்காக இத்தனை எழுத்து வேலை செய்ய வேண்டும்? இரக்கமே போதாதா? போதாது என்று அவர் அறிந்திருந்தார். இரக்கத்தால் உள்ளே வந்த பிள்ளைக்கு உரிமை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆசான் நல்லவராய் இருந்தால் நல்லது, இல்லையேல் அவ்வளவுதான். கோவாச் சங்கத்தின் காலத்தில் பசியால் விற்கப்பட்ட பிள்ளைக்கும் சோறு கிடைத்தது. கிடைக்காதது, இத்தனை ஆண்டில் நீ வெளியே போகலாம் என்ற எழுத்து. முன்பு கூறிய மூன்று போர்ச்சுக்கீசியச் சொற்களின் மொழியில் சொன்னால், போஸ்கோ மேஸ்திரியை வைத்துக்கொண்டார்; ஏலத்தை விலக்கினார்; சாவியின் ஒரு படியைச் சிறுவன் கையில் கொடுத்தார்.

1877-இல் அவர் தம் கல்விமுறையை எழுதியபோது அதற்கிட்ட பெயரை நேர் தமிழில் சொன்னால் 'தடுப்பு முறை' ஆகும். குற்றம் நிகழ்ந்தபின் தண்டிக்கும் அடக்குமுறைக்கு மாறாக, குற்றம் நிகழாவண்ணம் அறிவாலும் சமயத்தாலும் அன்பாலும் உடனிருந்து காப்பது. அதே தடுப்பு என்னும் சொல்லைத்தான் விசாரணையின்றிப் பிடித்து வைக்கும் தடுப்புக்காவலுக்கும் வைத்திருக்கிறோம். இரண்டும் வருமுன் காப்பதாகவே கூறிக்கொள்கின்றன. ஒன்று உடனிருந்து காக்கிறது. மற்றொன்று பூட்டிவிட்டுச் செல்கிறது.

போஸ்கோவின் மைந்தர்களை இந்தியாவுக்கு அழைத்தவர் நம் மயிலை ஆயர் தெயோத்தோனியோ தே காஸ்த்ரோ. அந்நாளில் தஞ்சாவூரும் மயிலாப்பூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. தஞ்சை தனி மறைமாவட்டமானது 1952-இல்தான். 1906 ஜனவரியில் தந்தை தொமாத்திஸ் தலைமையில் சலேசியர் தஞ்சை வந்தடைந்து, அனாதைச் சிறுவர் இல்லத்தையும் அதைச் சார்ந்த தொழிற்கூடங்களையும் ஏற்றனர். 1909-இல் மயிலாப்பூரிலும் பணி தொடங்கினர். 1928-இல் சென்னை உயர்மறைமாவட்டப் பொறுப்பு அவர்களிடம் வந்தது; பேராயர் மெதர்லே, அவருக்குப்பின் பேராயர் லூயி மத்தியாஸ் என்போர் வழியே தொழிற்பள்ளி என்பது நம் பங்குகளில் பழகிய சொல்லாயிற்று. அவற்றில் கற்றுப் பிழைத்த குடும்பங்கள் இதை வாசிப்போரிடையே பலவாய் இருக்கும்.

அனாதை இல்லம் என்ற பெயர்ப்பலகைகள் இன்று பெரும்பாலும் மாறிவிட்டன. குழந்தைகள் இல்லம் என்கிறோம். 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வோர் இல்லமும் பதிவு செய்யப்பட வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே ஒரு பராமரிப்புத் திட்டம் எழுதப்பட வேண்டும். பதினெட்டு வயதில் வெளியேறுவோர்க்கு இருபத்தொரு வயது வரை உதவ இடமளிக்கும் பிரிவு ஒன்றும் அதில் உண்டு. ஆய்வாளர் வரும் நாளுக்காக நிரப்பும் தாள்கள் என்று இவற்றைச் சலித்துக்கொள்ளும் குரல்களை நம் நிறுவனங்களிலும் கேட்கிறோம். தூரின் நகரத்து முத்திரைத் தாளும் ஒரு தாள்தான். நம் இல்லங்களுள் எத்தனை, பதினெட்டு வயது நிறைந்த பிள்ளையின் கையில், அவன் கற்ற தொழிலையும் அடுத்த மூன்றாண்டுக்கு அவனுக்குத் துணைநிற்பவர் பெயரையும் எழுதிய ஒரு தாளைக் கொடுத்து வழியனுப்புகின்றன என்பதை நம் பங்குப் பேரவைகள் கேட்டறியலாம். வருகின்ற கல்வியாண்டு முடிவதற்குள் கேட்டறியலாம்.